தனிச் சமையல் வைக்காமல் வீட்டுச் சாப்பாட்டை மாற்ற முடியுமா?

வேலந்தாவளம்_மருமகள் (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் இருப்பது பாலக்காடு மாவட்டத்தில், கொழிஞ்சாம்பாறைக்கும் வேலந்தாவளத்துக்கும் நடுவே. மாமா, அத்தை, நாங்கள் இருவர், பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் இருவர். போன வருஷம் மாமாவுக்குக் காலில் ஒரு புண் ஆறாமல் இழுத்துக்கொண்டே இருந்தது. ரத்தம் கொடுத்துப் பார்த்தால் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை (HbA1c) 9.2 சதவீதம். மாத்திரை எழுதிக் கொடுத்த டாக்டர் "சாப்பாட்டைப் பார்த்துக்குங்க" என்று ஒரு வரியில் முடித்துவிட்டார். எதை, எப்படி என்று கேட்க அங்கே நேரம் இல்லை.

முதலில் எல்லா வீட்டிலும் செய்வதைத்தான் செய்தோம். மாமாவுக்கு மட்டும் சப்பாத்தி, மற்றவர்களுக்குச் சோறு. அவர் சப்பாத்தியைச் சாப்பிட்டுவிட்டு, "இனி சோறு போடு ஆத்தா" என்று தட்டை நீட்டுவார். அத்தைக்கு இரண்டு அடுப்பில் இரண்டு வேலை. ஒரு மாதத்துக்குள் வீட்டில் எல்லோருக்கும் எரிச்சல். அப்புறம் அத்தையே ஒரு முடிவுக்கு வந்தார்: ஒரே சமையல், எல்லோருக்கும் அதுதான்.

ஒரேயடியாக எதையும் மாற்றவில்லை. முதல் மாற்றம் பாத்திரத்தில். எங்கள் வீட்டில் பொரியலுக்கு என்று ஒரு சின்ன இரும்புச் சட்டி உண்டு. ஆறு பேருக்கும் அதில்தான் பொரியல், ஆளுக்கு ஒரு கரண்டி தொட்டுக்கொள்ள வரும். அதைப் பரண் மேல் ஏற்றிவிட்டுக் குழம்பு வைக்கும் பெரிய சட்டியில் காய் வதக்க ஆரம்பித்தோம். சட்டி பெரிசானதும் காயும் தன்னால் கூடியது. இப்போது தட்டில் முதலில் காய், அடுத்துப் பருப்பு, கடைசியில்தான் சோறு.

அடுத்தது அரிசி. மட்டை அரிசியையும் (கேரளத்துச் சிவப்புப் புழுங்கல்) வெள்ளை அரிசியையும் பாதிப் பாதி கலந்து போடலாம் என்று நினைத்தால், வெள்ளை குழைந்து கஞ்சியான பிறகும் மட்டை விறைத்து நின்றது. அதனால் ஒரு நாள் விட்டு ஒரு நாள் மட்டை. ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளுக்காக அரிசிம்பருப்புச் சாதம், அதில் கை வைப்பதில்லை. டீயில் சர்க்கரையைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினோம். ராத்திரி இட்லி தோசைக்குச் சட்னி மட்டும் போதாது என்று கொள்ளோ பச்சைப்பயிறோ கடைந்து வைக்கிறோம்.

மாமாவின் கணக்கு இப்போது 7.4. மாத்திரையும் சேர்ந்துதான், சாப்பாடு மட்டும் என்று சொல்லமாட்டேன்.

மாட்டிக்கொண்டு நிற்கும் இடங்கள்: காலையில் எட்டரைக்கு வேலைக்குக் கிளம்பும் நான் இவ்வளவு காய் எப்போது நறுக்குவது? வருகிற சொந்தக்காரர்கள் எல்லாம் பேக்கரிக் கவரோடு வருகிறார்கள், அதை என்ன செய்வது? ராத்திரி வெளியே பரோட்டா சாப்பிட்டுவிட்டு வரும் ஒருவர் வீட்டில் இருக்கிறார் (அவரும் இந்தக் குழுவில் உண்டு, படிக்கட்டும்). பச்சைக் காய் பச்சைக் காய் என்று ஓடுகிறோமே, அதில் பூச்சிமருந்து எவ்வளவு?

தத்தமங்கலத்தார்

நல்ல காரியம் அம்மிணி. ஆனால் மட்டை அரிசியோடு நின்றுவிட வேண்டாம். சித்தூர்த் தாலுகாவின் கிழக்குப் பக்கம் கரிசல் மண். மலையாள நாட்டில் அபூர்வமான மண் அது. மேற்கே கொட்டுகிற மழை இங்கே வராது. எங்கள் அப்பாரு காலத்தில் காட்டில் சாமை, ராகி, சோளம், கடலைக்காய்தான். இன்றைக்குப் பார்த்தால் தென்னை, மிச்சம் இருக்கும் இடத்தில் மாந்தோப்பு. ராகிக் களி தின்றவர்களுக்குச் சர்க்கரை வந்ததா? ஒரு வேளை களிக்கு மாறுங்கள், மாத்திரையே வேண்டாம்.

வாளையாறு_ரயிலடி

ஐயா கோபித்துக்கொள்ளக் கூடாது. அப்பாரு களி தின்றார் சரி, தின்றுவிட்டு என்ன செய்தார்? ஏற்றம் இறைத்தார், ஏர் ஓட்டினார். நாம் களி தின்றுவிட்டுச் சீரியல் பார்க்கிறோம்.

100 கிராம் ராகியில் மாவுச்சத்து எழுபது கிராமை ஒட்டி இருக்கும். அரிசியில் எண்பதுக்குச் சற்றுக் கீழே. வித்தியாசம் அவ்வளவுதான். ராகியில் சுண்ணாம்புச்சத்து அரிசியைவிடப் பல மடங்கு, நாரும் அதிகம், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் "சிறுதானியம்தானே" என்று மூன்று உருண்டை உருட்டி வைத்தால் சர்க்கரை ஏறத்தான் செய்யும். மட்டைக்கும் இதே பேச்சுதான். தவிடு ஒட்டியிருப்பதால் நல்லது, ஆனால் மட்டையும் அரிசிதான்.

ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட வழிகாட்டியைப் பாருங்கள். 2000 கலோரி சாப்பிடும் ஒருவருக்கு ஒரு நாளைக்குத் தானியம் 250 கிராம், காயும் கீரையும் சேர்த்து 400 கிராம், எண்ணெய் வகை 27 கிராம். தானியத்தைவிடக் காய் எடை அதிகம்! நம் வீட்டுத் தட்டில் இது தலைகீழாக இருக்கும். அதனால் மருமகள் சட்டியை மாற்றியதுதான் இந்த இழையிலேயே பெரிய விஷயம் என்று எனக்குப் படுகிறது. அரிசியின் நிறம் எல்லாம் அதற்கு அப்புறம்.

தத்தமங்கலத்தார்

சீரியல் பார்ப்பது உண்மைதான். மாத்திரை வேண்டாம் என்றதை மட்டும் திரும்ப வாங்கிக்கொள்கிறேன், களியை விடமாட்டேன்.

இரவுப்பணி_செவிலி

ஐயா திரும்ப வாங்கிக்கொண்டது நல்லது. இதைப் படித்துவிட்டு யாராவது தாங்களாக மாத்திரையை நிறுத்திவிட்டால் வார்டில் நாங்கள்தான் பார்க்க வேண்டும்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது, அதைத்தான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். சோறு குறைகிறது, மாத்திரை அதே அளவில் போகிறது என்றால் சர்க்கரை தாழ்ந்துபோகலாம். கிளிமிபிரைடு மாதிரி மாத்திரை எடுப்பவர்களுக்கும் இன்சுலின் போடுபவர்களுக்கும் இது அதிகம். மதியத்துக்கு முன்னால் கை நடுக்கம், வேர்வை, காரணம் இல்லாத கோபம் வந்தால் உடனே விரலைக் குத்திச் சர்க்கரை பாருங்கள். மீட்டரில் 70-க்குக் கீழே இருந்தால் மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கிக் கொடுத்து, கால் மணி நேரம் கழித்துத் திரும்பப் பார்க்க வேண்டும். சாப்பாட்டை மாற்றும்போதே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள், தேவைப்பட்டால் மாத்திரை அளவை அவர் குறைப்பார்.

அப்புறம் சிறுநீரகம். சர்க்கரை உள்ளவர்களில் பலருக்குச் சிறுநீரகமும் மெல்லப் பாதித்திருக்கும், வெளியே தெரியாது. அப்படி இருந்தால் கீரை, இளநீர், நேந்திரம்பழம் எல்லாவற்றிலும் பொட்டாசியம் கணக்குப் பார்க்க வேண்டியிருக்கும். கடையில் "சோடியம் குறைந்த உப்பு" என்று விற்கிறார்கள் பாருங்கள், அதில் சோடியத்துக்குப் பதிலாகச் சேர்ப்பது பொட்டாசியம்தான். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் சில வகை ரத்தக்கொதிப்பு மாத்திரை எடுப்பவர்களும் கேட்காமல் அதை வாங்கவே கூடாது. மாமாவுக்குக் கிரியாட்டினின் (சிறுநீரகத்துக்கான ரத்தப் பரிசோதனை) பார்த்தீர்களா?

வேலந்தாவளம்_மருமகள்

பார்த்தோம் அக்கா, இப்போதைக்கு இயல்பாக இருக்கிறது. நடுக்கம் என்றதும்தான் ஞாபகம் வருகிறது. சோறு குறைத்த புதிதில் பதினொரு மணி வாக்கில் மாமா எல்லோர் மேலும் எரிந்து விழுவார். பசிக் கோபம் என்றுதான் அத்தை மோர் கொடுப்பார். அடுத்த முறை டாக்டரிடம் கட்டாயம் கேட்கிறோம்.

முதலமடை மாம்பழம் வரும் பருவத்தில் என்ன செய்வது? மற்ற ஊருக்கு முன்னாலேயே எங்களுக்கு வந்துவிடும். மாமா அதற்குத் தனியாக ஒரு கத்தி வைத்திருக்கிறார்.

இரவுப்பணி_செவிலி

கத்தியைப் பிடுங்க வேண்டாம். சாப்பாட்டுக்கு மேலே மாம்பழம் என்று வைக்காமல், அந்த வேளைச் சோற்றில் ஒரு கரண்டியைக் குறைத்து இரண்டு கீற்று கொடுங்கள். சாறு பிழிந்து கொடுக்காதீர்கள்.

மண்டிக்காரன்

பூச்சிமருந்து பற்றிக் கேட்டதால் வந்தேன். காய் மண்டியில் வேலை, ஊர் வேண்டாம்.

எல்லாக் காயிலும் விஷம் என்பதும் பொய், நம்ம ஊர்க் காயில் மருந்தே இல்லை என்பதும் பொய். மருந்து அடித்தால் சில நாள் விட்டுத்தான் பறிக்க வேண்டும், புட்டியிலேயே போட்டிருக்கும். விலை படுத்துக் கிடக்கும் நாளில் விவசாயி காத்திருப்பார். ஓணம் நெருங்கி விலை ஏறும்போது யாருக்குக் காத்திருக்க மனசு வரும்? அதனால் என் வீட்டில், விலை உச்சத்தில் இருக்கும் காயை அந்த வாரம் வாங்குவதில்லை. காசும் மிச்சம்.

புழு அதிகம் விழும் காய்க்கு மருந்தும் அதிகம். கத்திரி, பாகல், நீளப் பயறு, பூக்கோசு இதெல்லாம் அப்படி. பூசணி, சேனை, சேம்பு, வாழைக்காய், வாழைத்தண்டு, பப்பாளிக்காய், முருங்கை இவற்றுக்கு அவ்வளவு அடிப்பதில்லை. வாரத்தில் பாதி நாள் இந்த வரிசையில் வாங்கினாலே பயம் பாதி குறையும். ஜனங்கள் ஏனோ வாழைத்தண்டைச் சீண்டுவதில்லை. திருவனந்தபுரம் வெள்ளாயணி வேளாண் கல்லூரி ஆய்வகம் கடைக் காய்களைச் சோதித்து முடிவு வெளியிடும். அதில் அடிக்கடி மாட்டுவது கறிவேப்பிலையும் புதினாவும். கறிவேப்பிலை வாசலில் ஒரு செடி வைத்தால் தீர்ந்தது. மற்றதைப் புளித்தண்ணீரில் கொஞ்ச நேரம் ஊறவைத்து, பிறகு நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசுங்கள். மேலே ஒட்டியிருப்பது போகும். செடிக்குள் ஏறியதைப் புளி ஒன்றும் செய்யாது.

வாங்கும்போது வெண்டையை நுனி ஒடித்துப் பார்ப்பது எல்லோருக்கும் தெரியும் (ஒடித்ததை வாங்காமல் போகிறவர்களைத்தான் எங்களுக்குப் பிடிக்காது). கத்திரிக்குக் காம்பைப் பாருங்கள். காய் பளபளப்பாக இருந்தும் காம்பு கறுத்து வாடியிருந்தால் பறித்து நாளாயிற்று என்று அர்த்தம்.

மூணாறு_லயம்

எல்லோரும் நன்றாகப் பேசுகிறீர்கள். எனக்குக் கொஞ்சம் பொறாமையாகவும் இருக்கிறது. வாசலில் செடி, கிணறு, மண்டி பக்கத்தில். நாங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில் இருக்கிறோம். ஒரு அறையும் அடுப்படியும். அம்மா காலையில் கொழுந்துக்குப் போனால் சாயங்காலம்தான் வருவார். வந்தபின் 400 கிராம் காய் கணக்கில் நாலு பேருக்கு நறுக்கச் சொன்னால் என்ன சொல்வார்?

மூணாறுக்குப் பக்கத்து வட்டவடையில் கேரட், பீன்ஸ், முட்டைக்கோஸ், பூண்டு எல்லாம் எங்கள் மூக்குக்கு நேரே விளைகிறது. லாரி ஏறிக் கீழே போய்விடும். எங்கள் கடைக்கு வருவது கழித்துப் போட்டது. ரேஷன் அரிசியால்தான் வயிறு நிறைகிறது, அதனால் அரிசி அதிகமாகிறது. "ஆரோக்கியமாகச் சாப்பிடுங்கள்" என்று சொல்கிறவர்கள் நேரத்தையும் கையில் கொடுத்துவிட்டுச் சொல்லட்டும்.

குறை சொல்ல மட்டும் வரவில்லை. எங்களால் முடிந்தது இரண்டு. தம்பி நூடுல்ஸ் கேட்டு அழுவான், இப்போது முட்டை உடைத்து ஊற்றி முட்டைக்கோஸ் போட்டுக் கிளறிய சேமியா. அதற்கும் அதே நேரம்தான் ஆகிறது. இன்னொன்று, ஞாயிற்றுக்கிழமை காலையில் நானும் தம்பியும் உட்கார்ந்து வாரத்தின் முதல் பாதிக்கு பீன்ஸ், கேரட், கோஸ் நறுக்கிவிடுவோம். குளிர் ஊர் என்பதால் ஃப்ரிட்ஜ் இல்லாமலே நிற்கிறது. கீழ்நாட்டில் அது நடக்காது.

வேலந்தாவளம்_மருமகள்

நீங்கள் சொல்வது நியாயம் தங்கச்சி. எங்கள் வீட்டிலும் இது நடந்தது அத்தை வீட்டில் இருப்பதால்தான். அத்தைக்குக் கை வலி வந்த வாரம் எல்லாம் பழையபடி ஆனது, பொரியல் ஒரு கரண்டிதான். நறுக்கும் வேலை ஒருவர் தலையில் இருக்கிற வரைக்கும் இந்த மாற்றம் நிற்காது என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. இப்போது ராத்திரி சாப்பிட்டதும் மாமா அரிவாள்மனையைப் போட்டு உட்கார்ந்துகொள்கிறார். பயறும் கோவைக்காயும் அவர் பொறுப்பு. கோவைக்காயை நாலாகப் பிளக்காமல் வட்டவட்டமாக நறுக்குவார், அத்தைக்குப் பிடிக்காது. ஆனால் தான் நறுக்கிய காயை அவர் மிச்சம் வைப்பதில்லை.

இன்னொரு_சித்தூர்

இழையில் சித்தூர் என்று பார்த்து வந்தேன், பாலக்காட்டுச் சித்தூராம். நான் ஆந்திரச் சித்தூர்ப் பக்கம், நகரி. வீட்டில் தமிழ், தெருவில் தெலுங்கு. வந்தது வந்தாயிற்று, எங்கள் ஊர் வழி ஒன்று சொல்கிறேன்.

நறுக்க நேரம் இல்லை என்பவர்கள் பொரியலை விட்டுவிட்டுப் பப்புக்கு வாருங்கள். துவரம்பருப்போடு கீரையை அப்படியே குக்கரில் போடுவது. தோட்டக்கூர என்கிற தண்டுக்கீரை, பாலக்கீரை, புளிச்சகீரை, எது கிடைத்தாலும் சரி. பொடிப்பொடியாக அரிய வேண்டாம், கையால் கிள்ளிப் போட்டால் போதும். பச்சை மிளகாய் கீறிப் போட்டு, வெந்ததும் மத்தால் ஒரு கடை. ஒரே பாத்திரத்தில் பருப்பும் கீரையும் ஆயிற்று. எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் தறி ஓடுகிறது, யாருக்கும் அடுப்படியில் நிற்க நேரம் கிடையாது. வாரத்தில் பாதி நாள் இதுதான்.

களி பற்றிய சண்டையையும் பார்த்தேன். எங்களுக்கு அது ராகிச் சங்கட்டி. உருண்டை அளவு வாளையாறு சொன்ன மாதிரிதான். எங்கள் பாட்டி சங்கட்டிக்குத் தொட்டுக்கொள்ளப் பப்பைக் கிண்ணம் நிறைய வைப்பார், உருண்டை எலுமிச்சங்காயைவிடக் கொஞ்சம் பெரிசு, அவ்வளவே.

பரோட்டாக்காரர்

அந்த "ஒருவர்" நான்தான், மருமகளின் வீட்டுக்காரர். என் பக்க நியாயத்தையும் கேளுங்கள்.

ஒர்க்‌ஷாப் சாத்த ஒன்பது ஆகிவிடும். மதியம் ஒரு மணிக்குச் சாப்பிட்டது. நடுவில் டீ, பழம்பொரி. ஒன்பது மணிக்குக் கடை வாசலில் கல்லில் பரோட்டா அடிக்கும் சத்தம் கேட்டால் கால் தானாகத் திரும்பும். இதில் ருசி பாதி, பசி பாதி. வீட்டுக்கு வந்தால் எல்லோரும் சாப்பிட்டு முடித்து, எனக்கு ஆறிய தோசை இரண்டு மூடி இருக்கும்.

இப்போது இவள் ஆறு மணிக்குப் பெரியவனிடம் தட்டப்பயிறுச் சுண்டல் கொடுத்து அனுப்புகிறாள். பழம்பொரி நின்றது. ஒன்பது மணிக்குப் பசி அடங்கித்தான் இருக்கிறது. பரோட்டா இப்போது சனிக்கிழமை மட்டும். அதையும் எடுத்துவிடாதீர்கள்.

வாளையாறு_ரயிலடி

சனிக்கிழமை பரோட்டாவுக்கு என் ஓட்டு.

கேரள அரசு 2016-ல் பர்கர், பீட்சாவுக்கு 14.5 சதவீதம் "கொழுப்பு வரி" போட்டது ஞாபகம் இருக்கிறதா? பெரிய பிராண்டு உணவகங்களுக்கு மட்டும். நம் தெருமுனைப் பேக்கரிப் பப்ஸுக்கும் கடைப் பரோட்டாவுக்கும் அது ஒட்டவே இல்லை. நாம் அன்றாடம் தின்பது எது என்று வரி போட்டவர்களுக்குத் தெரியாமலா இருக்கும்! தெரிந்தும் தொட்டிருக்க மாட்டார்கள்.

வீட்டில் உப்பும் எண்ணெயும் எவ்வளவு போகிறது என்று தெரிய ஒரு சுலப வழி சொல்கிறேன். உப்புப் பாக்கெட்டைப் பிரிக்கும் நாளில் தேதியைப் பேனாவால் அதன் மேலேயே எழுதுங்கள். உலக சுகாதார நிறுவனம் சொல்வது பெரியவருக்கு நாளைக்கு 5 கிராமுக்குள். ஆறு பேருக்கு மாதம் 900 கிராம். ஒரு கிலோ பாக்கெட் மூன்று வாரத்தில் காலி என்றால் எங்கேயோ அதிகம். ஊறுகாய், அப்பளம், மிக்ஸர் இந்தக் கணக்கில் வராது, அது வேறு. எண்ணெய்க்கும் இப்படியே, நாளைக்கு 27 கிராம் என்றால் ஆளுக்கு மாதம் 800 கிராம் சொச்சம். எங்கள் வீட்டு டின்னில் தேதி எழுதிப் பார்த்த பிறகு என் மனைவி என்னோடு ஒரு நாள் பேசவில்லை.

வேலந்தாவளம்_மருமகள்

உப்புக்கு இன்றே எழுதுகிறேன். எண்ணெய்க்கு எழுத அத்தை விடமாட்டார், கடலை எண்ணெய் செக்கில் ஆட்டி வருவது அவர் ராஜ்ஜியம்.

பேக்கரிக் கவருக்கு யாரும் வழி சொல்லவில்லையே? நாங்களே கண்டுபிடித்ததைச் சொல்கிறேன். வந்தவர் எதிரிலேயே பிரித்து எல்லோருக்கும் ஆளுக்கு ஒன்று கொடுத்துவிடுகிறோம், அவர்களுக்கும் சேர்த்து. மிச்சத்தை டப்பாவில் எடுத்து வைக்காமல் அக்கம்பக்கம் கொடுத்துவிடுவது. நாங்கள் போகும் வீட்டுக்குப் பழமோ கடலைமிட்டாயோ கொண்டுபோகிறோம். என் நாத்தனார் அதைப் பார்த்துவிட்டுப் போன முறை ஒரு சீப்புப் பூவன்பழத்தோடு வந்தார். பெரிய மாமனார் வீட்டில் மட்டும் இன்னும் லட்டுதான்.

வாசலில் சிவப்புக் கீரை போட்டிருக்கிறோம். கிருஷி பவனில் (அரசு வேளாண் அலுவலகம்) ஓணத்துக்கு முன்னால் கொடுத்த விதை. மழை பிடித்ததும் இலையெல்லாம் வெள்ளைப் புள்ளி விழுந்து வீணாகிறது. மருந்து அடிக்க மனசில்லை.

மண்டிக்காரன்

சிவப்பு மட்டும் போட்டால் மழைக்காலத்தில் அப்படித்தான் ஆகும். கூடவே பச்சைக் கீரை, கோ 1 ரகம், கலந்து விதையுங்கள். அதற்கு அந்த நோய் அவ்வளவாக வராது, கலந்து நின்றால் சிவப்புக்கும் பரவுவது குறையும். பச்சைச் சாணியைத் தண்ணீரில் கரைத்து, தெளிந்ததை எடுத்து இலையில் தெளிக்கச் சொல்வார்கள். தண்ணீரை இலை மேல் ஊற்றாமல் வேரில் ஊற்றுங்கள்.

தத்தமங்கலத்தார்

ஆடி பிறந்தால் முருங்கைக்கீரையைத் தொடக்கூடாது என்று பக்கத்து மலையாள வீட்டில் சொல்வார்கள். கர்க்கடகத்தில் அவர்கள் பத்திலைத் தோரன் (பத்து வகை இலைப் பொரியல்) வைப்பார்கள். சேம்பிலை, தகரை, மத்தன் (பூசணி) இலை, பயற்றிலை என்று வேலியோரம் முளைத்த இலைகள்தான், காசு கொடுத்து வாங்குவது இல்லை. நம் வீட்டில் அதே மாதம் ராகிக் கூழ். இரண்டையும் ஒரே வீட்டில் வைத்தால் என்ன? நான் வைக்கிறேன். அடையாளம் தெரியாத இலையை மட்டும் பறிக்காதீர்கள், சேம்பில் அரிக்கும் ரகமும் உண்டு.

வேலந்தாவளம்_மருமகள்

நகரிக்காரர் சொன்ன பப்பு நேற்று ராத்திரி வைத்தேன். பிள்ளைகள் இரண்டாம் முறை கேட்டார்கள். புளிச்சகீரைதான் கிடைத்தது, பழக்கத்தில் புளியும் கரைத்து விட்டேன், பல் கூசிவிட்டது. புளி விடவே கூடாதா?

இன்னொரு_சித்தூர்

புளிச்சகீரைக்குப் புளி எதற்குங்க! கீரையே போதும். புளிப்பு அதிகம் என்றால் பாதிக்குப் பாலக்கீரை கலந்துவிடுங்கள். பூண்டைக் குக்கரில் போடாமல் தட்டித் தாளிப்பில் போடுங்கள், காய்ந்த மிளகாயோடு.

இரவுப்பணி_செவிலி

சிறுநீரகக் கல் வந்தவர்கள் வீட்டில் இருந்தால் புளிச்சகீரையும் பாலக்கீரையும் அடிக்கடி வேண்டாம், கல் உண்டாக்கும் ஆக்ஸலேட் அதிகம். அவர்களுக்கு முட்டைக்கோஸ், சுரைக்காய் போட்டுப் பப்பு வையுங்கள்.

பரோட்டாக்காரர்

சுரைக்காய் என்று இவளிடம் சொல்லிக் கொடுக்காதீர்கள் அக்கா.